பிள்ளையை அறியும் கல்வி

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியிலே, காட்டினூடே செல்லும் வீதியின் முடிவில், மருதமடு மாதாவின் திருப்பதி அமைந்துள்ளது. ஆவணித் திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவருமாகப் பெருந்திரளான மக்கள் அங்குக் கூடுகின்றனர். 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தரின் அடக்குமுறைக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வனத்துள் புகுந்தன என்பது அத்தலத்தின் வரலாறு. அடைக்கலம் தேடியோரால் தோன்றிய தலம் பின்னரும் அடைக்கலத் தலமாகவே விளங்கிற்று. 1990ஆம் ஆண்டில் போர் மூண்டபோது பல்லாயிரவர் மடுவை நாடி வந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகம் அங்கு நிவாரண நிலையம் ஒன்றனை நடத்தியது. ஆயினும் 1999 நவம்பர் 20ஆம் நாள், கோவில் வளவில் தங்கியிருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் திருச்சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டது.

மடு என்னும் பெயர் இன்று கல்வித் துறையிலும் வழங்குகின்றது. மன்னார் மாவட்டத்தின் இரு கல்வி வலயங்களுள் ஒன்று மடு வலயம். திருத்தலத்தின் பெயரைத் தாங்கிய இவ்வலயத்துப் பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகளைக் குறித்தே இவ்வுரை எழுகின்றது. பிள்ளை கற்க இடர்ப்படும்போது, அவ்விடர் யாது என ஆராய்ந்து அறியும் கல்வி ஒன்று உலகில் வளர்ந்திருக்கின்றது. கல்வி, வளர்ச்சி உளவியல் என்பது அதன் பெயர். அக்கல்வியைப் பெறுவோர் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர், அப்பயிற்சி மடு போன்ற ஓரிடத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பன சிந்தித்தற்குரியன.

ஐந்தாம் தரத்தில் பயிலும் ஒரு சிறுவனை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அவன் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதில்லை. ஆசிரியர் வினவினால் தலை குனிந்து நிற்கின்றான். புலமைப்பரிசில் பரீட்சை அண்மிக்கின்றது. வகுப்பிலே அவனுக்கு ‘மக்கு’ என்னும் பட்டம் எளிதில் கிடைத்துவிடுகின்றது. அப்பட்டம் சூட்டுவதற்கு ஒரு நொடி போதும். அதனைக் களைவதற்கோ ஓர் ஆயுட்காலமும் போதாது.

உண்மையில் அச்சிறுவனுக்கு நேர்ந்தது யாது? அவனுக்குக் கண்பார்வை குறைவாக இருக்கலாம். காதிலே சீழ் வடிந்து கேள்வி மங்கியிருக்கலாம். காலை உணவின்றி வந்திருக்கலாம். தாயார் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாய் இருக்க, பேத்தியாரிடம் வளர்பவனாகலாம். அறிவு குன்றாதிருந்தும், எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மாத்திரம் இடர்ப்படுபவனாகலாம். அன்றேல் வீட்டிலே எவரும் வாய்திறந்து பேசாத துயரம் ஒன்று அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கலாம். வகுப்பறையில் இவை யாவும் ஒரே தோற்றந்தான் காட்டும்: பிள்ளை படிப்பதில்லை. ஆனால் ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். மற்றொன்றுக்கு வைத்தியர் வேண்டும். இன்னொன்றுக்கு உணவு வேண்டும். வேறொன்றுக்கு வாசிப்பினைப் புது முறையில் பயிற்றுதல் வேண்டும். நோய் ஒன்றிருக்க மருந்து ஒன்று கொடுத்தலால் வரும் கேடு கல்வியிலும் உண்டு.

இவ்வேறுபாட்டை முறையாகக் காண முயன்ற முதல்வர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் அல்பிரட் பினே. சாதாரண வகுப்பிலே முன்னேற இயலாத பிள்ளைகளை இனங்கண்டு தனிப் போதனை அளித்தல் எவ்வாறு என்னும் வினா பாரிசில் எழுந்தபோது, அவரும் தியோடோர் சிமோனும் 1905ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தனர். ஒருவரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்து பிள்ளையின் வாழ்வு முடிவாகிவிடலாகாது என்பதே அவ்வளவுகோலின் நோக்கம். அறிவு என்றும் மாறாத ஒரு பொருள் என்னும் கொள்கையைப் பினே ஏற்றாரல்லர். பயிற்சியால் அது வளரும் என்றே அவர் கருதினார். 1913ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரக் கல்வி நிருவாகம் சிரில் பேட் என்பாரை உளவியலாளராக நியமித்தது. பாடசாலைகளுக்கென உளவியலாளர் ஒருவர் பதவியேற்றது அப்பொழுதே. பேட் பெரும் புகழ் எய்தினார். எனினும் அவர் மறைந்த பின்னர், இரட்டைப் பிள்ளைகள் பற்றி அவர் வெளியிட்ட எண்கள் நம்பத்தக்கனவோ என்னும் கடும் ஐயம் 1970களில் எழுந்தது. பிள்ளையைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவர் தம் எண்களைப் பிறர் சோதிக்கத் திறந்து வைத்தல் வேண்டும் என்னும் பாடத்தை இத்துறை அவ்வாறு கற்றுக்கொண்டது.

இனி, பயிற்சியின் இயல்பை நோக்குவோம். இங்கிலாந்திலே முன்னர், உளவியலில் பட்டம் பெற்று வகுப்பறையில் ஆசிரியராய்ப் பணியாற்றிய ஒருவர், மேலும் ஓராண்டு முதுமாணிப் படிப்பை முடித்துக் கல்வி உளவியலாளர் ஆகலாம். 2006ஆம் ஆண்டளவில் அம்முறை மாறிற்று. மூன்றாண்டுக் கலாநிதிப் பயிற்சி வந்தது. அவுஸ்திரேலியாவிலோ, நான்காண்டு உளவியற் படிப்பின்மேல் ஈராண்டு முதுமாணிப் படிப்பு நிகழ்கின்றது. அதன் பின்னரும், இத்துறையில் தனித் தகுதி பெற விழைவோர் அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையில் மேலும் சில காலம் பணிபுரிதல் வேண்டும். அந்நாட்டின் உளவியற் சபை ஏற்றுக்கொண்ட ஒன்பது சிறப்புத் துறைகளுள் கல்வி, வளர்ச்சி உளவியலும் ஒன்று. மெல்பேண் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகம் இம்முதுமாணிப் படிப்பை வழங்குகின்றது.

இத்துணை ஆண்டுகள் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. நூலறிவு மட்டுமே போதுமாயின் ஈராண்டில் முடித்துவிடலாம். குழந்தையின் சிந்தனை பருவந்தோறும் எவ்வாறு மாறுகின்றது என்று ஜெனீவாவில் ஆராய்ந்த பியாஜேயின் கொள்கை, பெரியோர் துணையோடு பிள்ளை தன் எல்லையைத் தாண்டும் வகையை விளக்கிய உருசிய அறிஞர் வைகோட்ஸ்கியின் கொள்கை, தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பினை ஆராய்ந்த போல்பியின் கொள்கை ஆகியவற்றை நூல்களிலே கற்கலாம். எஞ்சிய காலம் முழுவதும் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சியில் கழிகின்றது. பயில்வோர் பாடசாலைக்குச் சென்று வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து பிள்ளையை நோக்குகின்றனர், பெற்றோரோடும் ஆசிரியரோடும் உரையாடுகின்றனர், சோதனைகளை நடத்துகின்றனர், அறிக்கை எழுதுகின்றனர். அவ்வறிக்கையை மேற்பார்வையாளர் வரி வரியாக வினவுகின்றார். “இம்முடிவுக்கு ஆதாரம் யாது? வேறு காரணம் இருத்தல் கூடுமா? பிள்ளையின் காதைச் சோதித்தாயிற்றா?” என்பன போன்ற வினாக்களே பயிற்சியின் உயிர்நாடி. விரைந்து முடிவு கூறும் இயல்பு எல்லா மனிதர்க்கும் உண்டு. அவ்வியல்பை அடக்கி, காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கும் பொறுமையையே இப்பயிற்சி ஊட்டுகின்றது.

அளத்தல் என்பதிலும் ஒரு நுட்பம் உளது. அறிவுச் சோதனைகளிலே 100 என்பது சராசரியாக வைக்கப்படுகின்றது. மூவரில் இருவர்வரை 85க்கும் 115க்கும் இடையில் அடங்குவர். ஆயின், எவருடைய சராசரி அது? ஒரு சோதனை எந்நாட்டுப் பிள்ளைகளிடத்தே பரிசோதித்து அமைக்கப்பட்டதோ, அந்நாட்டுப் பிள்ளைகளின் சராசரியே அஃது. பனிமழையும் நிலக்கீழ்ப் புகையிரதமும் கண்ட பிள்ளைக்கு இயற்றிய வினாவை, வயலும் குளமும் காடும் கண்ட பிள்ளையிடம் தமிழாக்கிக் கேட்டுவிட்டு, வந்த எண்ணை அவன் அறிவின் அளவெனக் கூறுதல் நீதியாகாது. சொல்லை மொழிபெயர்க்கலாம், சராசரியை மொழிபெயர்த்தல் இயலாது. அதனைத் தமிழ்ப் பிள்ளைகளிடத்தே புதிதாகக் கண்டறிதல் வேண்டும்.

வாசிப்பு இடர்ப்பாட்டை ஆராயும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது. ஆங்கிலத்திலே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது. ஆகவே அம்மொழியில் இடர்ப்படும் பிள்ளை சொற்களைப் பிழையாக வாசிக்கின்றது. தமிழில் எழுத்துகள் 247 ஆயினும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. எழுத்தும் ஒலியும் ஒழுங்காக இயையும் மொழிகளில், இடர்ப்படும் பிள்ளை பிழையின்றி வாசித்தாலும் மிக மெதுவாக வாசிக்கக் காணலாம். பிழைகளை மட்டும் எண்ணும் சோதனை அத்தகைய பிள்ளையைக் கண்டுகொள்ளாது. மறுபுறம், இலங்கைத் தமிழரின் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலித்தல் பொதுவழக்கு. ‘மழை’ என்பதனை ‘மளை’ என எழுதும் பிள்ளை தன் செவி கேட்டதையே எழுதுகின்றது. அதனை நோயின் அடையாளம் எனக் கொள்வது தவறு. பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியையும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் கடந்தாக வேண்டும். இவற்றையெல்லாம் மெல்பேணிலோ இலண்டனிலோ உள்ள மேற்பார்வையாளர் கற்பித்தல் அரிது. தமிழ் வகுப்பறையே இதற்குப் பள்ளிக்கூடம்.

மன்னார் மாவட்டத்துப் பிள்ளைகளின் வேறுபாடுகளும் பல. போருக்கு அஞ்சிக் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் மீண்டு வந்துள்ளன. அங்குப் பிறந்த பிள்ளைகள் வேறு பாடநூலும் வேறு பேச்சு வழக்கும் கொண்டு இங்குள்ள வகுப்பில் அமர நேர்ந்தது. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் முதலிய இடங்களில் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மன்னாருக்கு மீண்டனர். மலைநாட்டிலிருந்து இனக்கலவரங்களால் பெயர்ந்து வன்னியில் குடியேறியோரின் வழித்தோன்றல்களும் உளர். வகுப்பிலே பேசாத ஒரு பிள்ளை, தன் பேச்சைக் கேட்டு ஏனையோர் நகைப்பர் என்று அஞ்சியே வாய்மூடி இருத்தலும் கூடும்.

போரின் வடுவைப் பற்றி ஆதாரமுள்ள செய்திகள் சில உள. ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. போர் தாக்கிய பகுதிகளின் தமிழ் மாணவர் 420 பேர் அதில் ஆராயப்பட்டனர். நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றார் மரணம் முதலிய கொடுமைகளை அனுபவித்திருந்தனர். நூற்றுக்கு 25 பேரிடம் அவற்றின் பின்விளைவான மனவடு நோய்க்குரிய குறிகள் நிறைந்திருந்தன. நினைவாற்றலிலும் பாடப் புள்ளிகளிலும் அப்பாதிப்பு வெளிப்பட்டது. மக்கு எனப் பெயர் பெற்றோருள் எத்தனை பேர் உண்மையில் துயருற்றோர் என்னும் வினாவை இவ்வெண்கள் எழுப்புகின்றன.

அவ்வாய்வின் மற்றொரு சிறப்பினையும் கூறல் வேண்டும். பிள்ளைகளோடு அமர்ந்து நேர்காணல் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே. அவர்களின் முடிவுகள் சரியோ என அறிய, 67 பிள்ளைகளை வல்லுநர் மீண்டும் நேர்கண்டு ஒப்பிட்டுப் பார்த்தனர்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், வடகிழக்குக் கரையோர முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் உளவளத்துணையாளர் சிகிச்சை அளித்தனர். அப்பிள்ளைகள் போரையும் பேரலையையும் ஒருங்கே கண்டவர்கள். ஒரு சாராருக்குக் கதைகூறும் முறை. பிள்ளை தன் வாழ்வைக் குறிக்கும் கயிறு ஒன்றைத் தரையில் நீட்டி வைக்கும். மகிழ்ச்சியான நாட்களுக்குப் பூவும் துன்பமான நாட்களுக்குக் கல்லும் அக்கயிற்றின்மேல் இடும். பின்னர், பிறந்த நாள் தொட்டு நிகழ்ந்தவற்றை வரிசை பிறழாது கூறும். மற்றொரு சாராருக்குத் தியானமும் உடற்றளர்வுப் பயிற்சியும். ஆறு அமர்வுகளே நடைபெற்றன. ஆறு திங்களின் பின் நோக்கியபோது, முதற் சாராரில் நூற்றுக்கு 81 பேரும் இரண்டாஞ் சாராரில் நூற்றுக்கு 71 பேரும் நோய்க்குறி நீங்கியிருந்தனர். எண்ணிக்கை சிறிதாதலின் ஒரு முறை மற்றதனின் மேம்பட்டது எனக் கூறுதற்கில்லை. ஆயின் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருப்பின் உள்ளூரவரே இப்பணியை ஆற்ற இயலும் என்னும் நம்பிக்கையை அது அளித்தது.

இத்தகைய உள்ளூர் முயற்சிக்கு வித்திட்டோர் யாழ்ப்பாணத்திலும் இருந்தனர். மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் அங்கிருந்து பணியாற்றி, தமிழரின் மனவடுவைப் பற்றி 1998ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். தனிமனிதர் மாத்திரமன்றிக் குடும்பமும் ஊரும் ஒருங்கே காயமுறுகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சியின் மையக் கருத்து. யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றி வந்துள்ளது. மட்டக்களப்பிலே 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மண்ணையும் வண்ணத்தையும் கதையையும் கொண்டு தம் மனத்தைத் திறக்க வழி பிறந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. போர் முடிவுற்ற ஆண்டு 2009. இன்று மடுவின் பாடசாலைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அதன் பின் பிறந்தோர். எறிகணையின் ஒலியை அவர்கள் கேட்டறியார். அதைக் கேட்டோர் அவர்களின் பெற்றோர். ஆதலின் ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கும் போரே காரணம் என்று முன்கூட்டியே முடிவு செய்து வரும் உளவியலாளர், பிள்ளையை ‘மக்கு’ என்ற ஆசிரியர் செய்த தவற்றையே மீண்டும் செய்தவராவார். பட்டத்தின் பெயர் மட்டுமே மாறியிருக்கும். ஒரு பிள்ளைக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடியாய் இருக்க, அதன் தந்தையின் துயரத்தைக் கிளறிக்கொண்டிருப்பதால் பயனில்லை. அதேவேளை, இரவெல்லாம் உறங்காத தந்தையும், காணாமற்போன உடன்பிறந்தானின் படத்தை மாடத்தில் வைத்து விளக்கேற்றும் தாயும் உள்ள வீட்டிலே பிள்ளையின் பாடம் பாதிக்கப்படாது என்று எண்ணுதலும் பேதைமை. இவ்விரு பிழைகளுக்கும் நடுவே செல்லும் பாதை ஒடுங்கியது. அதனை நடந்து பழகுதற்கே ஆண்டுக் கணக்கான பயிற்சி.

இன்றைய நிலையில் இலங்கைப் பாடசாலைகளில் இச்சுமையைப் பெரிதும் தாங்குவோர் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களே. அவர்களுட் பலர் குறுகிய காலப் பயிற்சியோடு, ஏனைய பாடங்களைக் கற்பிக்கும் கடமையையும் உடன் ஆற்றுகின்றனர். அவர்களின் அன்பிலும் ஊரறிவிலும் குறையில்லை. குறைவது, ஐயம் எழுந்தபோது கலந்து பேசுதற்குரிய மேற்பார்வையாளரும், தமிழ்ப் பிள்ளைகளுக்கென அமைந்த அளவுகோல்களும், பிள்ளையை மேலும் அனுப்புதற்குரிய இடமும் ஆகும். மறுபுறம், வெளிநாடு சென்று ஆறாண்டுக் கல்வியை முடித்த தமிழ் இளைஞர்கள் அந்நாடுகளிலேயே பதிவுபெற்றுப் பணியில் அமர்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதால் ஆவதொன்றில்லை. அவர்களுக்குரிய பதவி மடு வலயத்திலே உருவாக்கப்பட்டாலன்றி, அவர்கள் வந்து அமர்வதற்கு நாற்காலி ஏது?

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நீண்ட பயிற்சியின் களப்பகுதியேனும் தமிழ்ப் பாடசாலைகளிலே, தமிழறிந்த மேற்பார்வையாளரின் கீழ் நிகழ்தல் வேண்டும். உளவியலைக் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கடலுக்கு அப்பாலுள்ள தமிழ் வல்லுநரும் கைகோத்தால் இது கூடும். இன்றைய தொலைத்தொடர்பு வசதியால் மெல்பேணில் உள்ள ஒருவர் மன்னாரில் பயிலும் ஒருவரின் அறிக்கையை வரி வரியாக வினவுதல் அரிதன்று. இரண்டாவது, வாசிப்புக்கும் அறிவாற்றலுக்குமான சோதனைகளை இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளிடத்தே அளந்து அமைத்தல் வேண்டும். 1930களிலே பம்பாய் மாகாணத்தில் வி. வி. காமத் என்பார் பினேயின் சோதனையை மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கென அவர்களிடத்தே சோதித்து அமைத்தார். அன்று அவர்க்கு இயன்றது இன்று தமிழர்க்கு இயலாதென்பதில்லை. மூன்றாவது, அனுபவமுள்ள ஆசிரியர்க்கு இப்பயிற்சியின் வாயில் திறந்திருத்தல் வேண்டும். முப்பது பிள்ளைகளை ஆண்டுதோறும் அருகிருந்து கண்ட ஒருவர், நூலறிவு மட்டும் உடைய இருவருக்கு நிகர். இங்கிலாந்தின் பழைய முறையில் அவ்வுண்மை மதிக்கப்பட்டது.

பயிற்சி முடித்த உளவியலாளர் ஒருவர் மடுவின் பாடசாலைக்கு வருவாராயின், முதல் நாள் அவர் ஆற்றக்கூடிய செயல் மிகவும் எளியது. கடைசி வாங்கில் அமர்ந்து, தலைகுனிந்த அந்தச் சிறுவனைச் சிறிது நேரம் நோக்குதல், அவனுடைய பேத்தியாரை அழைத்து, “அம்மா, பிள்ளை இரவில் நித்திரை கொள்கிறானா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?” என்று மரியாதையோடு வினவுதல், வகுப்பாசிரியர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டல். அதுவரை அவனுடைய பெயருக்கு எதிரே எவ்விதச் சொல்லும் எழுதப்படாதிருத்தல் வேண்டும். மடுவின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடிய பெரும்பணி, அவ்வாறு நோக்கவும் வினவவும் பொறுக்கவும் கற்றவர்களை, பிள்ளைகள் பேசும் மொழியிலேயே பயிற்றி அனுப்புதல் ஆகும்.